இடப்பக்கம் திருப்பினால்

பதினேழு பிராங்க் கட்டினால்
என் பெயரை அச்சடித்துத் தருகிறார்கள்.
லாங்கென்தாலில், கடன் அறவிடும் கந்தோரில்,
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெட்டை
ஒரு பொத்தானை அமத்தினாள்.
மெசின் இரண்டு தாள் துப்பியது.
ஒன்றுதான் வருமென்று நினைத்திருந்தேன்.

முதல் வரி மருத்துவக் காப்புறுதி, மூன்று மாதம்.
அடுத்தது தொலைபேசி,
நான் ஒருநாளும் பேசாத இலக்கம்.
பிறகு சீட்டு.
சீட்டென்று அதில் போடவில்லை,
ஜெர்மனில் அதற்குச் சொல் இல்லைப் போல.
ஆட்களின் பெயரும் எதிரே தொகையும்தான்.
அவ்வளவுக்கும் குகநேசன் ஒப்பமிட்டான்,
பக்கத்தில் நானும்.
அவன் எந்த நாட்டில் என்று தெரியாது.
ஒப்பம் இங்கே இருக்கிறது.

ஐந்து வருசம் அழியாதாம்.
வைத்தியசாலைச் சலவையில் நான் ஒன்பது வருசம்.
இரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி,
அயடீனுக்கு ஒரு தூள்,
மைக்கு ஸ்பிரிட்.
இதற்கு என்னவென்று
மேற்பார்வைக்காரியிடம் கேட்கவா முடியும்?

பழைய வீட்டை ஒப்படைத்த நாளில்
முகவர் அடுப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்,
விரல் வெள்ளையாகவே வந்தது.
அப்படித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான்
வெளியே நின்றோம்,
நானும் ஆரணியும் ஏழு பெட்டியும்.
பள்ளிக்கூடப் படிவத்தில்
முகவரிக்கு விட்ட கோட்டை
பென்சிலால் நிரப்புகிறாள் பிள்ளை.

பன்னிரண்டாவது வீடு புக்சியில்.
தண்டவாளத்தோரம், இரண்டாம் மாடி, மூன்றரை அறை.
இந்த நாட்டில் அந்த அரை அறை எங்கே இருக்கிறதென்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
படிக்கட்டில் பதினெட்டுப் பேர்.
எனக்கு முன்னால் ஒரு இளம் சோடி,
அவர்களின் கோப்பில்
நாயின் படம்கூட இருந்தது.

கதவைத் திறந்தவள் தவமலர்.

இரண்டாம் தாள், நாலாம் வரி.
ஆறாயிரம்.

வீட்டை விட்டுப் போகிறவள் அவள்.
தகுந்த ஆளைப் பிடித்துக் கொடுக்காவிட்டால்
செப்டெம்பர் மட்டும் வாடகை அவள் தலையில்.
எல்லாருக்கும் ஜெர்மனில் சொன்னாள்:
பல்கனிக்குக் காலை வெயில்,
நிலவறை இலக்கம் ஐந்து,
உடுப்புத் தோய்க்கிற முறை வியாழன்.
என்னையும் அந்த எல்லாரோடும் சேர்த்தே பார்த்தாள்.

ரயிலில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று
தேசிக்காய் விதை மாதிரி
நாக்கடியில் கிடந்தது.
கடித்தால் கைக்கும்.
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

மற்றவர்கள் இறங்கிப் போனபின்
குசினி மேசையில் என் கோப்பை விரித்தாள்.
சம்பளத் துண்டு. அனுமதி அட்டை.
பதினேழு பிராங்க் தாள்கள்.
நாலாம் வரியில் அவள் விரல் நின்றது.
அவள் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள்.
கொண்டையில் செருகியிருந்த பேனையை எடுத்து
அந்த எழுத்தை மட்டும் மேலே எழுதினாள்.

பிறகு எழும்பித் தொட்டியடிக்குப் போனாள்.
"இதை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி
ஒரு சொட்டுத் திரும்பக் கொண்டு வரவேணும்.
அப்பதான் சுடுதண்ணி வரும்.
பத்து மணிக்குப் பிறகு திறந்தா
மேல்வீட்டு மனிசி தட்டுவா."

நாய்ப்படக்காரருக்கு
இது சொல்லப்படவில்லை.

போய்விடு என்பதற்குச் சொன்னாளா,
இருக்கப்போகிறவளுக்குச் சொன்னாளா?
என் கோப்பை அடுக்கின் மேலே வைத்தாளா, அடியிலா?
நான் சப்பாத்துப் போடக் குனிந்திருந்தேன்.
"காசு" என்று தொடங்கினேன்.
"ரயில் ஐந்து நாற்பதுக்கு" என்றாள்.

இரவு, சினேகிதி வீட்டுத் தையலறையில்
ஆரணி தூங்கியபின் முகம் கழுவப் போனேன்.
கை தானாக இடப்பக்கம் திருப்பி,
ஒரு சொட்டுத் திரும்பக் கொண்டுவந்தது.

இந்தக் குழாயில்
அந்தப் பக்கம் பச்சைத்தண்ணி.
கொஞ்ச நேரம் ஓட விட்டேன்.