தாழங்குழி

இந்த எழுத்தில் வினைச்சொல்லுக்கு இடமில்லை.
முன்சிறகு, கண்ணாடி. விளிம்பு, தவிட்டு நிறம்.
பின்சிறகு, இல்லை.
வால், இரண்டு.
மூன்று நாளாக இப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன்,
பறந்தது என்று எழுத
ஒரு பத்தியிலும் வழியில்லை.

ஆணுக்கு மேற்கண் ஒரு சோடி தனியாக,
தலைப்பாகை கட்டியதுபோல்.
உயிரோடிருக்கையில் செம்மஞ்சள்.
அற்ககோலில் இட்ட மறுநாள் வெளிறிவிட்டது.
நல்லவேளை, கொப்பியில் குறித்திருந்தேன்,
மழைத்துளி பட்டு மை பரவிய பக்கத்தில்.

வசாவிளானில், கார்த்திகை முதற்கிழமை.
காணி விடுபட்டு எட்டு மாதம்.
"டெங்குப் பகுதியோ?" என்றார் குணநாயகம்,
கையில் மண்வெட்டி.
"நுளம்பு இல்லைத் தங்கச்சி, நேற்றும் பாத்தனான்."
இது நுளம்பில்லை என்றேன்.
"அப்ப ஈசலோ?"
ஈசலும் இல்லை.
"அப்ப என்னதான்?"
அதுதான் எங்களுக்கும் தெரியேல்லை என்றான் யூட்சன்,
வலையை உதறியபடி.

அவரது காணியின் நடுவில் ஒரு பள்ளம்.
அணைக்கு மண் அள்ளியவர்கள் விட்டுப்போனது.
முப்பது மழை அதில் நின்று வற்றியிருக்கிறது.
"உறுதியில இந்தக் காணிக்குப் பேர் தாழங்குழி.
நாங்கள் இருக்கேக்க தாழையும் இல்லை, குழியும் இல்லை,
பேர் மட்டும் இருந்தது" என்று சிரித்தார்.
"இப்ப குழி வந்திட்டுது."

பல்கலைக்கழகத்தில், வலைக்கூட்டுக்குள்,
இரவு ஒன்றேகாலுக்கு
சிறகு முளைத்த ஒன்று மறுபடியும் தோலுரித்தது.
சிறகின் தோலையும் சேர்த்துக் கழற்றி
வலையில் மாட்டிவிட்டு
இன்னும் மெலிந்த ஒன்றாக அப்பால் நகர்ந்தது.
வாய் இருந்த இடத்தில் வாயின் அடையாளம் மட்டும்.
யூட்சன் மாலுபாணைக் கடிப்பதை நிறுத்தினான்.

அதுதான் மூலமாதிரி.
இடுக்கி பட்டு இடது முன்கால் போய்விட்டது, என் கையால்.
அதையும் எழுதினேன்: இடது முன்கால், இல்லை.

ஒரு காணியை எழுதுவதும் இப்படித்தான்.
கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பங்கு,
வடக்கே வேலி, மேற்கே கோயில் நிலம்;
நடுவில் இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.
என் பூச்சிக்கும் நான்கு எல்லை:
இந்திய இனத்துக்குச் சிறகில் புள்ளி, இதற்கில்லை;
கண்டியில் கிடைத்ததற்கு ஏழாம் செவுள் இரட்டை, இதற்கு ஒற்றை.
மற்ற இரண்டையும் அட்டவணையில் பார்க்க.

பெயர் வைக்கவேண்டி வந்தபோது அவரிடம் கேட்டேன்.
உங்கள் பெயரை வைக்கலாம் என்றேன், விதி இடம்கொடுக்கும்.
அவர் யோசிக்கவேயில்லை.
"வேண்டாம் பிள்ளை. உறுதியிலயே
இன்னும் என்ர பேர் வரேல்ல.
அதுக்கு முதல் பூச்சியிலயோ?"
ஆகவே தாழங்குழியென்சிஸ்.
சொற்பிறப்பு: காணியின் பெயரால்.
பரம்பல்: இவ்விடம் மட்டும்.

கட்டுரை அச்சுக்குப் போன கிழமை தொலைபேசி.
சுகாதாரப் பரிசோதகர் வந்தாராம்,
குழிக்குள் கப்பி மீன் விட்டாராம், இருநூறு.
"உங்கட பூச்சிக்கு ஏதும் ஆபத்தோ?"
நான் பதில் தேடிக்கொண்டிருக்க அவரே சொன்னார்:
"அவர் வாகனத்தடிக்குப் போன நேரம்
ஒரு வாளி அள்ளி வைச்சிட்டன்.
மேல சாக்குப் போட்டிருக்கு. கண்டால் தண்டம். கெதியா வாங்கோ."

வாளி, ஒன்று. நீலம். பிடி, இல்லை.
நீர், முக்கால்வாசி; பாசி கலந்தது.
சாக்கை விலக்கினால்
மூன்று வாலோடு சில குஞ்சுகள்,
வாளியின் சுவரில், செவுள் படபடக்க.
நுளம்புக் குடம்பிகளும் உண்டு, ஏராளம்.
யூட்சன் குந்தியிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறான்,
பதினொன்று, பன்னிரண்டு,
பொறு, அது நகர்ந்திட்டுது.