நூறு கிராம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டால்
டேங்கர் எண்ணுவதைத் தவிர வேறு வேலையில்லை.
நாற்பத்தேழு எண்ணி முடித்து
தேசம்மாவின் காயலான் கடைக்குள் நுழைகிறேன்.
சட்டைப்பையில் நூல் கட்டிய காந்தம்.
ஒட்டினால் இரும்பு, விட்டுவிடு.
ஒட்டாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்.

எங்கள் பிழைப்பில் விதி ஒன்றுதான்:
வேண்டியதைத் தொடாதே,
பக்கத்தில் இருப்பதை எடுத்துத் திட்டு.
போன மாசியில்
ஒரு பர்மா அரக்குப் பெட்டிக்காக
செத்த மிக்ஸி மூன்றை வாங்கிச் சுமந்தேன்.
ஈசிஆர் கடையில் அது போன விலையை
இங்கே சொல்வதாக இல்லை.

இன்றைக்குக் கப்பல் விளக்குக் கூண்டு, வெறும் தகரம்.
பல் கொட்டிய ஹார்மோனியம்.
யாரோ ஒரு வக்கீலின் பெயர்ப்பலகை,
பெயர் போய்
பி.ஏ., பி.எல். மட்டும் மிச்சம்.
மணலிக் காற்றில் கந்தக நெடி,
முட்டி வரைக்கும் துரு.
ஒன்றும் தேறவில்லை.

திரும்பும்போதுதான் பார்த்தேன்.
வெல்டிங்காரர் வாங்கும் ஆங்கிள் துண்டுக்கு எதிரே
தராசுத் தட்டில்
அடி அகன்று, மேலே கொண்டை வைத்து
உட்கார்ந்திருந்தது பித்தளை.
கைபட்டுக் கைபட்டு வெளுத்த கழுத்தில்
கும்பினி முத்திரை.
ஒரு வீசை.
காந்தத்தை எடுக்கவே இல்லை நான்.

விதிப்படி
டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றைத் தூக்கித் திட்டினேன்.
“காயில் எரிஞ்சிருக்கே.”
“எரியாததை எவன் இங்க வந்து போடறான்?”
“சரி, இத்தோட அந்தப் பழைய கல்லையும்
எடைக்குப் போட்டுக் குடுத்துடு.”

தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
என் சட்டைப்பையிலிருந்து தொங்கும் நூலைப் பார்த்தாள்.
“போட்டுடலாம் சார்.
கல்லை இன்னா கல்லு போட்டு நிறுக்கறது?”

விதியை விட்டு நேராகக் கேட்டேன்.
ஐயாயிரம். எட்டாயிரம்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
“அது ஒன்றரை கிலோ இல்ல, தெரியுமா?
வீசை. ஆயிரத்து நானூறு.
ஒவ்வொரு தடவையும் நூறு கிராம் கொறையுது.”

“தெரியும்” என்றாள்
மூக்குத்தித் திருகை நெருடியபடி.
“விக்கறதுக்குத்தான் அது.
வாங்கறதுக்கு வேற கல்லு வெச்சிகீறேன்.”

மோட்டாரைத் தட்டில் வைத்தாள்.
முள் நடுவில் நின்றது.
“ஒன்றரை” என்றாள்.
எண்ணிக் கொடுத்தேன்.

கேட் மறுபடி மூடியிருக்கிறது.
எரிந்த மோட்டாரை பைக் டேங்கின் மேல் வைத்தபடி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பத்தொன்பதில் கணக்கு விட்டுப்போகிறது:

வாங்குவதற்கு வைத்திருக்கும் அந்த இன்னொரு கல்
பார்க்க
எப்படி இருக்கும்?