நான்காம் கட்ட மின்வெட்டு, சாட்ஸ்வர்த்

"உங்கள் கணினிக்குத் தகுதி இல்லை" என்றது விண்டோஸ்.
பதினெட்டு மாதத் தவணையில் வாங்கியது,
அதன் முகத்துக்கு நேரே சொன்னது.
சரி, போய்வா என்றேன்.

முதலில் மிண்ட். நல்ல பிள்ளை.
புது கன்ட்ரோலரை மட்டும்
யார் நீ என்று கேட்டது.

பிறகு ஆர்ச்.
நானே கட்டினேன், செங்கல் செங்கல்லாக, மூன்று இரவு.
பகலில் டர்பன் துறைமுகத்தில்
கொள்கலன் எண்களுக்கு நடுவே கட்டளைகள் தெரிந்தன.
நாலாம் நாள் அப்டேட். அறுபத்திரண்டு சதவீதம்.
எட்டு மணி.
தெரு முழுக்க ஒரே இருட்டு, ஒரே "ஐயோ".
பத்தரைக்கு எல்லார் வீட்டிலும் விளக்கு வந்தது.
என் திரையில் வரவில்லை.

யுகேந்திரன் சொன்னான்: பேஸைட் போடு.
பழசைத் தொடாமல் பக்கத்தில் புதுசை வைக்கும்,
முழுதாய் வந்தால்தான் மாறும்,
நடுவில் கரண்ட் போனால் நேற்றிலேயே எழுந்துகொள்ளலாம்.
எஸ்காம் ஆளும் ஊரில்
வேறென்ன பொருத்தம் பார்க்க?

ஓடுகிறது.
முன்பைவிட வேகம் என்று பொய் சொல்லமாட்டேன்.
கார் பந்தயத்தில் மழை பிடித்தால் திக்கும்.

வெள்ளிக்கிழமைதான் இடிக்கிறது.
நாலு பேர் சேர்ந்து சுடும் அந்த ஆட்டம்
லினக்ஸ் என்றால் கதவு திறக்காது;
திருடன் என்றே முடிவுகட்டிவிட்டது.
யுகேந்திரன், பீனிக்ஸிலிருந்து தேவஷ்னி,
அவள் தம்பி: மூவர் ஆடுகிறார்கள்.
நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
அவர்கள் சாவதைக் கேட்கிறேன்.
"இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று கத்துகிறேன்
எதையும் பார்க்காமல்.

பாதி நேரம் சரியாகவே இருக்கிறது.