கண்ணாடி மாற்ற வந்த படம்

துரை பங்களாவை இடிக்கிறார்கள்.
அங்கே கூடத்தில் தொங்கிய படத்தை
செம்பனை லோரியின் முன்சீட்டில் உட்கார வைத்து
பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார் அந்தோணிராயப்பன்,
ஓய்வுபெற்ற கிராணி.
"கண்ணாடி மட்டும் மாத்தும்மா."

ஆணி பிடுங்கிப் பின்னட்டையைக் கழற்றினேன்.
கரையான் ஒரு மூலையைப் படித்து முடித்திருந்தது.
வரைந்தவன் பிரான்சின் தெற்கே ஏதோ சிற்றூர்க்காரன்,
ஊரைவிட்டு அதிகம் நகராதவன் என்று
கடைசி பிரெஞ்சுத் துரை சொன்னாராம்.

வெயில் விழுந்த சதுக்கம்.
நடுவில் சண்டையில் செத்தவர்களுக்கு ஒரு கல்.
கீழே மூன்று பெண்கள் கறுப்பு உடுப்பில்.
கறுப்பென்றுதான் நினைத்தேன்.
கண்ணாடியை எடுத்ததும்
நீலம், கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் பொட்டளவு சிவப்பு.
கறுப்பு டியூபை அவன் திறக்கவே இல்லை.

கல்லில், பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில்
நொய்யரிசி சிந்தியதுபோல் புள்ளிகள்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஓர் எழுத்தும் இல்லை.
அத்தனை பேரையும் தெரிந்திருக்குமே அவனுக்கு.

கிராணி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
சயாமுக்கு ரயில் போடப் பிடித்துப்போன
எங்கள் தோட்டத்து ஆட்கள்,
பழைய செக்ரோலைப் பார்த்து எழுதியது.
பதினேழு வரி.
காத்தாயி மகன்.
ரெண்டாம் லயத்துச் செவிடன்.
வெள்ளையன். அடுத்த வரியிலும் வெள்ளையன்;
இரண்டு பேரா, ஒரே ஆளை இரண்டு தரம் பிடித்தார்களா?
ஒரு வரியில் வெறும் நம்பர்.

"அந்தப் புள்ளிங்க மேல
சின்னதா எழுதிக் குடேன்.
மண்டபத்துல மாட்டலாம்.
நமக்கு யாரு கல்லு நட்டா?"

கடைப்பலகை எழுதிய கைதான்.
ஆக மெல்லிய பிரஷும் இருக்கிறது.
"காயணும், நாளைக்கு வாங்க" என்றேன்.
காய அங்கே ஒன்றும் இல்லை.

சாயங்காலம் படத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு
எதிர்ச்சாரிக்கு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
சாலைக்கு அப்பாலிருந்து
புள்ளிகள் வரிகளாகிவிட்டன.
வாசித்துவிடலாம் போலிருந்தது.
பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மறைத்துக் கடந்தது,
பின்னால் இன்னொன்று.
மறுபடி தெரிந்தபோது எந்த வரியில் விட்டேனோ!

இந்த ஊரே பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறுகிறவன் இன்னமும்
பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் டிக்கெட் கேட்கிறான்.

ராத்திரி பின்னட்டையின் உட்பக்கத்தில்
கல் வரும் இடத்தை அளந்து
பென்சிலால் எழுதினேன்.
இரண்டு வெள்ளையனையும்.
நம்பரை நம்பராகவே.
செவிடன் என்று எழுத மட்டும்
கொஞ்ச நேரம் கை நின்றது.
அவர் அம்மா வேறென்னமோ சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்.
ஆணி அடித்து மூடினேன்.

காலையில் அவர் கல்லையே உற்றுப் பார்த்தார்.
"எழுதலியா?"
"உள்ள இருக்குங்க."
திருப்பிப் பார்க்கவில்லை.
பதினெட்டு வெள்ளி கொடுத்துவிட்டு
படத்தை முன்சீட்டில் உட்கார வைத்து
பெல்ட்டை இழுத்து மாட்டினார்.
அது சரியாக விழுந்ததா என்று
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.