ஸ்டூல்

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து
கடையம் ரயிலடிப் புளியமரத்தடியில் ஐந்து பேர்.
சட்டிப்பாறை நூற்றிருபதடி என்றான் காதர்.
இருநூறு இருக்கும்லே, என்றான் ராபின்சன்.
பேச்சு ஏற ஏறப் பாறையும் வளர்ந்தது.

கயிறு கட்டுலே என்றதற்கு
"கயிறு என்னப் பிடிச்சா
நான் எதப் பிடிக்க?" என்றானாம்.
பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை இடித்து
இடுப்பில் ஒரு சுருக்குப்பை.
பாதிப் பாறையில் உடும்பு எதிரே வர
ஒற்றைக் கையில் தொங்கி வழிவிட்டானாம்.
யாரும் நம்பவில்லை.
யாரும் மறுக்கவுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒருவரும் எடுக்கவில்லை.
மேற்கே சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.
காதர்தான் மெல்ல,
"குடைவுக்குள்ள மழை எட்டாதுடே.
அவன் கைவெள்ளை அப்படியே இருக்கு."
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
செங்கோட்டை வண்டி போகும் சத்தம்.

என் முறை.
என்னிடம் இருந்தது ஒன்றுதான்:
என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
டியூப்லைட் மாட்ட ஏறினான் பூலுடையார்.
இரண்டடி உயரம். முட்டி நடுங்குகிறது.
"கெட்டியாப் பிடிலே மூதேவி,
ஸ்டூல் ஆடுது."

அன்றைக்குப் பிடித்திருந்தேன்.