சீவல்

வெட்டு என்ற சொல்லை நாங்கள் யாரும் சொன்னதில்லை.
எங்கள் நாட்டுச் சமையலறை ஒவ்வொன்றிலும்
பாலாடைக்கட்டி சீவும் கருவி ஒன்று கிடக்கும்,
தட்டைக் கரண்டி, நடுவில் ஒரு பிளவு.
இழுத்தால் காகிதக் கனத்தில் ஒரு துண்டு.
கட்டி குறைந்த மாதிரியே இருக்காது.
ஹெல்சிங்கியில், நிதி அமைச்சக மூன்றாம் மாடியில்,
திட்டத்துக்கு அதன் பெயரைத்தான் வைத்திருந்தோம்.

ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு.
எல்லாத் துறைக்கும்.
ஏழு ஆண்டு.

வட்டி அப்போது
பிள்ளைகளுக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்து
தின்றுகொண்டிருந்தது.
அதை எழுப்பி அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை.
ஒரே போடாய்ப் போட்டிருந்தால்
தெருவுக்கு வந்திருப்பார்கள்.

பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு: ஏரிப் படகுகள்.
முதலாண்டு, இரவு பதினொன்றுக்கு மேல் ஓடும் நடை போயிற்று.
அடுத்து, துறையின் இரண்டு விளக்கில் ஒன்று.
பிறகு காத்திருக்கும் அறையின் அடுப்பு.
பிறகு ஞாயிறு.
மொத்தமாய் ஒரே ஒரு கடிதம் வந்தது,
விளக்கைப் பற்றி, பென்சிலில்.
கோப்பில் சேர்த்தேன்.

ஏழாம் ஆண்டு அக்டோபரில்
வரவும் செலவும் ஒரே எண்ணில் வந்து நின்றன.
எதிர் மேசை ஆய்லி ரெய்ட்டாமோ கேக் வாங்கி வந்தாள்.
நான் அழுதேன்.
மகிழ்ச்சியில்தான். இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

நவம்பரில் ஓர் இழவுக்காகக் கைனூ பக்கம் போனேன்.
மூன்றரை மணிக்கே இருட்டு.
கரையில் ஒற்றை விளக்கு, என் கார், நான்.
படகு அக்கரையில்.
ஐம்பது நிமிடம் ஆயிற்று. கால்விரல்களை எண்ணிப் பார்த்தேன்,
எல்லாம் இருந்தன.

படகோட்டி எல்யாஸ் கெம்பைனன்
எங்கே வேலை என்று கேட்டார்.
சொன்னேன்.
திட்டுவார் என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.
அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார்.

"உங்களுக்கு நல்ல கை.
எங்கே வலிக்கிறது, காட்டு என்றால்
எனக்கே விரல் வைக்கத் தெரியாது."

பாராட்டா அது? கேட்கவில்லை.
கம்பிவடம் கிறீச்சிட்டபடி எங்களை இழுத்துப் போனது.
இறங்கும்போது, கரைக்கும் படகுக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளியை அவர் காட்டினார்,
பலகை மாற்றி மூன்று வருடமாம்.
தாண்டினேன்.

திரும்பி வந்த இரவு
குளிர்பெட்டியிலிருந்து கட்டியை எடுத்தேன்.
ஒரே சீராய்ச் சீவியதாகத்தான் நினைப்பு.
நடு குழிந்து
இரண்டு ஓரமும் தடித்து நின்றது.
கத்தி எப்போதும் மென்மையான இடத்திலேயே
இறங்கியிருக்கிறது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பசித்தது.
அந்தக் குழியிலேயே
இன்னொன்று சீவினேன்.