இரண்டாம் சாட்சி

மூக்கையூர் ஏலக்கொட்டகையில்
நண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு
இன்னாசி கையெழுத்துப் போட்டான்.
"நீயும் போடு."
என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
சாட்சிக்கு அது வேண்டியதில்லையாம்,
போடுகிற கையைப் பார்த்திருந்தால் போதும்.

பார்த்தேன். விரலில் செதிள்.
கடைசி 'சி' தாளைத் தாண்டிப்
பெட்டிப் பலகையில் போய் முடிந்தது.

நாலு வருஷம் கழித்து
ராமநாதபுரம் கோர்ட்டுக் கூண்டு.
மூத்தவன் வைத்த வக்கீல் கேட்டார்:
அன்று அவருக்குப் புத்தி தெளிவாக இருந்ததா?
கச்சான் முறுகுமென்று
அன்றைக்குக் கடலுக்குப் போகாதவன்
அவன் ஒருத்தன்தான் ஐயா.

பிறகு வாசித்தார்கள்.
வீடு மகள் பிலோமிக்கு.
வள்ளமும் வலையும் மிச்சம் மீதியும் மூத்தவனுக்கு.
"ஒன்பது குதிரைசக்தி எஞ்சின்,
நல்லதண்ணித்தீவுப் பக்கம் என்னை
முடியைப் பிடித்துத் தூக்கிய சூசைராயனுக்கு."

சூசைராயன் நான்தான்.

சாட்சி போட்டவனுக்கு எழுதிவைத்தது
செல்லாதென்று சட்டம்.
உயில் செல்லும்.
என் கையெழுத்தால்தான் செல்லும்.

சாயல்குடி பஸ்ஸில்
மூத்தவன் முன்சீட்டில், திரும்பவில்லை.
அந்த எஞ்சின் மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும்,
இரண்டாவதில் பெட்ரோலை மூடவேண்டும்.
இறங்கும்போது சொல்லலாமா
என்று பார்க்கிறேன்.